மூன்றாவது மடிப்பு

முதலாளி ராஜாங்கம் படிக்கத் தொடங்கியபோது சிந்தாமணி ஒரு தலைவரின் காதோரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் களிமண் கசிந்து மெல்லிய கோடாக நிற்கும். உச்சந்தலையிலிருந்து காது வழியாகத் தோள்வரை இறங்கும் அந்தக் கோட்டைப் பிளேடால் எடுத்து, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். தேர்தல் வரப்போகிறது என்பதால் இரண்டு மாதமாகப் பிள்ளையாரும் இல்லை, அகல் விளக்கும் இல்லை. மார்பளவுத் தலைவர்கள்தான். ஒரு கட்சிக்கு இந்தப் பக்கம், இன்னொரு கட்சிக்கு அந்தப் பக்கம்.

கூடத்துக்குள் வந்தால் வழக்கமாக அவர் பலகைகளைத்தான் பார்ப்பார். இன்று நடுவில் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் கைய நிறுத்திட்டு இதக் கேளுங்க. நெட்டுல ஒருத்தன் கேள்வி கேட்டிருக்கான். தலைவர்களின் சிலைகள் எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? அதுக்கு ஒரு புண்ணியவான் பதில் எழுதியிருக்கான்."

அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போலப் படித்தார். "நான் வேலை செய்யும் இடத்தில் எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே உடம்புதான். கழுத்துக்குக் கீழே ஒரே அச்சு. தலையை மட்டும் தனியாக வார்த்து, ஈரம் காய்வதற்குள் கழுத்தில் களிமண் கூழைத் தடவி ஒட்டுவோம். துண்டின் கரைக்கு எந்த நிறம் பூசுகிறோமோ, அந்தக் கட்சி. இடது தோளில், துண்டின் மூன்றாவது மடிப்பில், அரிசி அளவுக்கு ஒரு பிசிறு இருக்கும். அச்சில் விழுந்துவிட்ட ஒரு சின்னப் பள்ளம்தான் காரணம். அதைச் சுரண்டிவிட வேண்டும். சில நாள் விட்டுவிடுவோம். உங்கள் வீட்டில் இருக்கும் தலைவரின் தோளைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால், அன்று எங்களுக்குக் கை…" இங்கே மூச்சு வாங்கினார். "வலித்தது என்று அர்த்தம்."

இரண்டாவது வரியிலேயே சிந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. பிளேடு காதுமடலின் மேல் அப்படியே நின்றது. தான் எழுதிய வாக்கியங்களை இன்னொருவர் வாயால் கேட்பது அவளுக்கு இதுவே முதல் முறை. கடைசி வரியில் அவர் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டாரே என்றுதான் முதலில் பட்டது. அந்த வரியை இரண்டு நாள் மனசுக்குள் வைத்திருந்து, சோறு வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மாற்றி மாற்றிப் பார்த்து எழுதியவள் அவள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ரெண்டு கட்சிக்காரனும் வூட்டுல இருக்கிற பொம்மையெல்லாம் தடவிப் பாத்திருக்கான்" என்றார் ராஜாங்கம். "ரெண்டுலயும் இருக்குது. எங்க தலைவர் கழுத்துக்குக் கீழ அவங்க தலைவராய்யான்னு கேக்குறான். நான் என்னாத்த சொல்றது?"

"கழுத்துக்குக் கீழ ஆம்பளைங்க எல்லாம் ஒண்ணுதானே" என்று பக்கத்தில் இருந்த துர்காதேவி கையிலிருந்த பஞ்சின்மேல் குனிந்தபடி முணுமுணுத்தாள். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

"சிரிங்க. ஒருத்தன் ஆர்டரே வாணாம்னுட்டான். இன்னொருத்தன் நாளன்னிக்கி நேர்ல வரேன்னுருக்கான். அது பொய்யின்னு நிரூபிக்கணுமாம்." அவர் திரும்பிச் சன்னலோரத்தைப் பார்த்தார். அங்கே விமல்ராஜ், தூரிகையைக் குவளையில் போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தான். சுட்டு வரும் தலைவர்களுக்குக் கண்ணும் மீசையும் வரைகிறவன். "ஏம்பா, டிப்ளமா படிச்சவன் நீதானே? டீக்கடையில நின்னு அரசியல் பேசுறவனும் நீதானே?"

"நான் எழுதல முதலாளி."

"இந்தக் கூடத்துல வேற யாரு இப்பிடி எழுதுவா? நீயே சொல்லு."

விமல்ராஜ் சுற்றிப் பார்த்தான். முதலாளியும் பார்த்தார். அவர் பார்வை வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் மேல் போனது. சிந்தாமணியின் முகத்தையும், அவள் காலடியில் இருந்த தண்ணீர் வாளியையும் ஒரே வேகத்தில் கடந்தது.

"சனிக்கிழமையோட நின்னுக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

இரண்டு வருடங்களுக்கு முன்னால் களிமண் கூழ் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டதில் சிந்தாமணி நாற்பது நாள் வீட்டில் கிடந்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு. ஜங்ஷனில் சொல்லும் அறிவிப்பெல்லாம் அறைக்குள் கேட்கும். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்பது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. மகன் அன்பரசன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய போனில்தான் அந்தக் கேள்வி பதில் தளத்தைக் கண்டாள். யாரோ கேட்டிருந்தார்கள்: பீங்கான் கோப்பையில் மெல்லிய மயிர்க்கோடுகள் விழுவது ஏன்? அதன் கீழே இருந்த பதில்கள் எல்லாம் தப்பு. அவளுக்குச் சரியான பதில் தெரியும். ஒரு விஷயம் தனக்குத் தெரியும் என்பதும், அதை யாரோ ஒருவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதும் ஒரே சமயத்தில் நடந்தது அவள் வாழ்க்கையில் அபூர்வம்.

கூடங்கள் இருக்கும் தொழிற்பேட்டை எஸ்டேட்டின் வாய்க்காலில் மண்டிக் கிடக்கும் செடியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டாள்: நீர்முள்ளி. முகப்புப் படத்துக்கு ஒரு டீ டம்ளர். பிளஸ் டூ முடித்து, டீச்சர் ட்ரெயினிங் சேர விண்ணப்பம்வரை வாங்கி வைத்திருந்தாள், அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. எழுத்து அவளை விட்டுப் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். போகவில்லை. கால் சரியான பிறகும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினாள், பஸ்ஸில் எழுதினாள். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், காலை ஐந்து மணியிலிருந்து இரவு படுக்கும்வரை தன் நாளில் போக்க வேண்டிய பொழுது என்று ஒன்று எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். 'இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான்' என்று எழுதினாள். களிமண் பொம்மை கலையா என்று இன்னொருவர் கேட்டார். 'ஐந்நூறு முகத்துக்குக் கண் வரைகிறவர் ஒருவர் எங்களோடு வேலை செய்கிறார். அவருக்கு மனசு சரியில்லாத நாளில் எல்லா முகங்களும் கொஞ்சம் கீழே பார்க்கின்றன. அது கலையா என்று எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினாள்.

போன தேர்தலுக்கு முன்னால், பெண்கள் கணவர் சொல்லும் சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்களா என்று ஒரு கேள்வி. அதற்கு எழுதியதுதான் அவள் எழுதியதிலேயே நீளம். 'என் கணவர் எதுவும் சொல்வதில்லை. எதற்குப் போட்டாய் என்று கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இருபத்து மூன்று வருடங்களாக அவர் என்னிடம் கேட்பது மூன்று கேள்விகள்தான். சோறு ஆச்சா, சாவி எங்கே, பையன் பேசினானா. சூளைக் கதவில் இருக்கும் துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதர். குறையாகச் சொல்லவில்லை. அவரிடமும் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.'

அதற்கு வந்த கருத்துகளில் பாதிப் பேர் அவளைப் பெண் என்று நம்பவில்லை. பெண்ணின் மனதை ஐயா எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார் என்று ஒருவர் பாராட்டியிருந்தார். அவள் மறுக்கவில்லை. ஐயா என்று கூப்பிடும்போது யாரும் அவளைப் பாதிப் பேச்சில் நிறுத்தவில்லை.

*

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். போனில் அந்தப் பதிலின் கீழே கருத்துகள் குவிந்துகொண்டிருந்தன. ஐயா ஒரு சிற்பியாகத்தான் இருக்க வேண்டும். ஐயா எந்தக் கட்சியிடம் கூலி வாங்கினார்? ஐயாவின் முகவரி கிடைக்குமா? அழித்துவிடலாம். ஆனால் அது ஏற்கெனவே ஆயிரம் பேர் போனில் படமாகப் போய்விட்டது. முதலாளியின் கையில் இருந்ததும் அப்படிப்பட்ட படம்தான்.

விமல்ராஜ் உடைசல் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

"சாப்பிடலியா தம்பி?"

"பசிக்கலக்கா. எஸ்டேட் முழுக்கப் பேச்சாயிடுச்சி. இனிமே எவன் என்ன உள்ள வுடுவான்?" கையில் இருந்த போனை அவள் பக்கம் திருப்பினான். "ஆனா ஒண்ணு. எழுதினவன் நல்லா எழுதியிருக்கான்க்கா. கை வலித்தது என்று அர்த்தம். படிச்சதும் எனக்கு உங்க எல்லார் கையும்தான் ஞாபகம் வந்துச்சி. எனக்கு இந்த மாதிரி எழுத வராது. வந்தா நான் ஏன் இங்க மீச வரைஞ்சிகினு கெடக்கப்போறேன்?"

சிந்தாமணி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்த வரியை நிறுத்தாமல் படித்தான், எப்படிப் படிக்க வேண்டும் என்று அவள் நினைத்தாளோ அப்படி.

இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. அதில் துணிச்சல் எதுவும் இல்லை. ஒரு பாரத்தை நெடுநேரம் தூக்கிக்கொண்டிருக்கும் கை தானாகவே இறங்குமே, அப்படித்தான் எழுந்து ஆபீஸ் அறைக்குப் போனாள்.

உள்ளே அவள் கணவன் விருத்தகிரி நின்றிருந்தான். சூளைக்கு கேஸ் அழுத்தம் சரியாக வரவில்லை என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் வாய் பேசிவிட்டது.

"முதலாளி, அத எழுதினது விமல்ராஜ் இல்லீங்க. நான்தான்."

ராஜாங்கம் அவளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு.

"நல்ல மனசும்மா உனக்கு. அதுக்குன்னு இப்பிடியா? போய் வேலையப் பாரு."

"நெசமாத்தாங்க."

"அந்தப் பையன் மேல உனக்கு என்னா அவ்ளோ பாசம்? தம்பி முறையா?"

"சிந்தாமணி, சும்மா இரு" என்றான் விருத்தகிரி, தாழ்ந்த குரலில்.

அறையின் கண்ணாடி அலமாரியில் இருபது வருட மாதிரிகள் அடுக்கியிருந்தன. பிள்ளையார்கள், ஃப்யூஸ் கட்டைகள், பழைய தலைவர்கள், அவர்களுக்கு முந்தைய தலைவர்கள். எல்லோருடைய தோளையும் சுரண்டியவள் அவள். வேலை போய்விடும், ஊர் திட்டும், கட்சிக்காரன் வருவான் என்றெல்லாம் வழியில் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். நம்பமாட்டார்கள் என்பதை மட்டும் நினைக்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்லச் சூடேறியது. அது கோபம் என்று கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது, கோபப்பட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

போனைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அதில் எல்லாம் இருந்தது. மயிர்க்கோடுகள், பொழுதுபோக்கு, கீழே பார்க்கும் கண்கள், சோறு ஆச்சா, சாவி எங்கே.

ராஜாங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. ஓரக்கண்ணால் விருத்தகிரியைப் பார்த்தார். பிறகு மறுபடியும் படித்தார்.

"எல்லாரும் ஐயா ஐயாங்குறாங்களே?"

"நான் சொல்லிக்கலீங்க. அவங்களா நெனைச்சிக்கிட்டாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வயதானவராகத் தெரிந்தார். "நான் கெட்டவன் இல்ல சிந்தாமணி. இந்த ஆர்டரும் போனா கூடத்தையே பூட்ட வேண்டியதுதான். விமல்ராஜ் இருக்கட்டும். நீ ஒண்ணு பண்ணு. இதே பேர்ல இன்னும் ரெண்டு வரி எழுது. நான் எந்தக் கம்பெனியிலயும் வேல செய்யல, சும்மா கற்பனையா எழுதினேன், மன்னிச்சிக்குங்கன்னு. இவ்ளோ எழுதின உனக்கு ரெண்டு வரி பெருசா? சாயந்தரத்துக்குள்ள எழுதிட்டுக் காட்டு. எழுதலன்னா நாளையிலேந்து வர வாணாம்."

அவள் போனுக்காகக் கையை நீட்டினாள்.

"அப்பறம் அந்தப் பிசிறு. இனிமே ஒரு தலைவருக்குக்கூட இருக்கப்படாது. நாளன்னிக்கி வரவன் தடவிப் பாக்காம போவமாட்டான்." போனை அவளிடம் நீட்டப் போனவர், ஏதோ நினைத்து அதை விருத்தகிரியின் பக்கம் திருப்பினார். "இந்தாப்பா. உன்னப் பத்திகூட இருக்குது."

விருத்தகிரி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அவன் படிப்பதை அவள் பார்த்ததே அரிது. கல்யாணப் பத்திரிகை, கரண்டு பில், அவ்வளவுதான். உதடுகள் லேசாக அசைந்தன. அவள் தரையைப் பார்த்தாள். அவன் செருப்பின் முனையில் சூளைத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவன் எந்த வரியில் இருக்கிறான் என்று கணக்கிட முயன்று, முடியாமல் விட்டாள். முடித்தபிறகும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார்ஜ் கம்மியா இருக்குது" என்று சொல்லிப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

*

அவள் இடத்துக்கு வருவதற்குள் செய்தி கூடம் முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். துர்காதேவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"யக்கா, நீயா? அஞ்சு வருசமா பக்கத்துல குந்தியிருக்கேன், ஒரு வார்த்த சொன்னியா? எங்க மாமியாரப் பத்தி எதாச்சும் எழுதிட்டியா?"

"எழுதல."

"ஏன் எழுதல? அவ ஒருத்திக்கே பத்துப் பதில் வருமே!"

சிந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் உடம்பு முழுக்க அசதி இறங்கியது. எதிர்ப்பக்கம் விமல்ராஜ் தூரிகையைக் கையில் எடுத்திருந்தான், ஆனால் வரையவில்லை. அவன் நன்றி சொல்ல வேண்டுமா, இல்லை அவள்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் ஒரு முறை தலையை மட்டும் அசைத்தான்.

போனை மடியில் வைத்துத் திறந்தாள். 'நான் எழுதியது கற்பனை' என்று அடித்தாள். சின்ன வாக்கியம்தான். இவ்வளவு சுலபமாக ஒரு வாக்கியம் அவளுக்கு வந்ததே இல்லை. இதை அனுப்பினால் நாளைக்கும் இதே இடம், இதே வாளி, துர்காதேவியின் முணுமுணுப்பு. முட்டி வலி இருக்கிற நாற்பத்தைந்து வயதுக்காரியை வேறு எந்தக் கூடத்தில் சேர்ப்பார்கள்? அனுப்பலாம். ஆனால் துண்டின் மடிப்பு கற்பனை என்றால், கீழே பார்க்கும் கண்களும் கற்பனை. ஓட்டும் கற்பனை. சாவி எங்கே என்று கேட்ட மனிதரும், கேட்காமல் விட்ட கேள்விகளும் கற்பனை. நீர்முள்ளி என்று ஒருத்தி எங்குமே வேலை செய்யவில்லை என்று அவளே தன் கையால் எழுதியதாகும். அப்படி ஒருத்தி இல்லை என்று நினைப்பதில் முதலாளிக்குக் காலையில் ஒரு சிரமமும் இருக்கவில்லையே.

அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். மதியத்துக்கு முன் பாதியில் விட்ட தலைவர் ஈரத்துணிக்கு அடியில் காத்திருந்தார். இன்னும் காயவிட்டால் பிளேடு இறங்காது, மண் சில்லாகப் பெயரும். எடுத்தாள். காதோரம், தாடைக்குக் கீழே, கழுத்தில் தலை ஒட்டிய இடம், தோள். முதல் மடிப்பு, இரண்டாவது மடிப்பு. மூன்றாவதில் வழக்கம்போல அது இருந்தது, வெளியே எடுத்துப் போட மறந்த அரிசிபோல. பிளேடின் முனையை அதன்மேல் வைத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு நரம்பு இழுத்துப் பிடித்தது.

பிளேடை எடுத்துவிட்டாள். பஞ்சால் முகத்தை மட்டும் துடைத்துப் பலகையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதிலும் அந்த இடத்தில் கை நின்றது, அதையும் அப்படியே வைத்தாள். துர்காதேவி ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு தன் பலகைக்கே திரும்பினாள். சன்னல் வெளிச்சம் மஞ்சளாகும்போது பலகை நிறைந்திருந்தது.

பலகையைக் காயவைக்கும் அடுக்குக்குக் கொண்டுபோக விருத்தகிரி வந்தான். அங்கே இரண்டு நாள் காய்ந்தால் சூளைக்குள் போகும். சூளைக்குப் பிறகு எந்தப் பிளேடும் இறங்காது. குனிந்து பலகையைத் தூக்கப் போனவன் நிமிர்ந்தான். கட்டைவிரலை முதல் தலைவரின் இடது தோளில் வைத்தான். மடிப்பு மடிப்பாகக் கீழே இறக்கினான். விரல் நின்றது. அடுத்ததன் தோளில் வைத்தான். அதற்கடுத்தது. பலகை முழுக்க. அவள் பிளேடைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்போது அவன் பலகையை அவள் பக்கம் தள்ளினால், அவ்வளவையும் சுரண்டிக் கொடுத்துவிடுவாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு களைப்பு.

"கை வலிக்குதா?" என்றான். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. பலகையைப் பார்த்துக் கேட்டான்.

எந்தக் கேள்விக்கும் அவள் உடனே பதில் எழுதியதில்லை. கையில் இருந்த பிளேடை வாளி விளிம்பில் வைத்தாள்.

அவன் காத்திருந்தான். பிறகு பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். கீழ் அடுக்குகள் காலியாகத்தான் இருந்தன. அவன் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, யாருடைய கையும் எட்டாத மேல் அடுக்கில் பலகையைத் தள்ளினான். தள்ளிவிட்டு உடனே இறங்கவில்லை. கூரை ஓட்டின் இடுக்கு வழியாகச் சாய்ந்து வந்த வெயில் அந்த அடுக்கின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் கண் வரையாத முகங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் இடது தோளிலும் அரிசி நீளத்துக்கு ஒரு நிழல்.